எங்கள் ஊர்ப் பந்தாட்டத்தின் வரலாற்றை எதை ஆதாரமாகக் கொண்டு எழுதுவது?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியில், அதாவது படகர் சிற்றூரில், பிறந்தவள். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் கோடைதோறும் நடந்துவந்த சுழற்கேடயக் கால்பந்துப் போட்டியின் வரலாற்றை எழுதி, எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக முயன்றுவருகிறேன். என் தந்தையார் 1970களில் எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர். தேயிலைச் சரிவை வெட்டிச் சமன்செய்த அந்த மைதானத்தில் பந்து கீழ்ப்புற எல்லையைத் தாண்டினால் ஓடையில்தான் போய் நிற்கும். அதை எடுத்துவருவதற்கென்றே சிறுவர்கள் சிலர் ஆட்டம் முடியும்வரை கீழே காத்திருப்பார்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எதிர்ப்புறக் கோல்கம்பம் கண்ணுக்குத் தெரியும்வரை பொறுத்திருந்து மீண்டும் விசில் ஊதுவாராம்.

இவையெல்லாம் நான் வீட்டில் கேட்டு வளர்ந்தவை. எழுத உட்கார்ந்தபோது கையில் இருந்தவை மூன்றே பொருள்கள். ஒன்று, வெள்ளிப் பூச்சு உதிர்ந்துபோன கேடயம். வென்ற ஊர்களின் பெயர் பொறித்த சிறு தகடுகளில் பாதி கழன்று விழுந்துவிட்டன. இரண்டாவது, ஒரு நோட்டீஸ். ‘மே 11, ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம்’ என்று அதில் இருக்கிறது, ஆண்டு இல்லை. மூன்றாவது, ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதில் பதினான்கு பேர் நிற்கிறார்கள், அப்பாவுக்கு ஒன்பது பேரின் பெயர்தான் நினைவிலிருக்கிறது.

இணையத்தில் நீலகிரி விளையாட்டு என்று தேடினால் ஸ்னூக்கர், குதிரைப் பந்தயம், வேட்டை, கோல்ஃப் ஆகியவைதாம் வருகின்றன. அவற்றிலும் தெளிவில்லை. ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்தது என்கிறது ஒரு பக்கம், ஜபல்பூரில் பிறந்தது என்கிறது மற்றொன்று. அதைக் கண்டுபிடித்தவர்தாம் பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரானார் என்றுகூட ஒன்றில் படித்தேன். கிளப்புகளும் பத்திரிகைகளும் பதிவுசெய்த ஆட்டத்துக்கே இந்த நிலை என்றால், பெரியவர்களின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் போட்டியைப் பற்றி நான் எழுதுவது வரலாறு ஆகுமா? அப்படி எழுதுவதென்றால் அது தொலைந்துபோகாமலும் திரிந்துபோகாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: உதகை நூலக வாசகர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, முதலில் ஸ்னூக்கரைப் பார்த்துவிடுவோம். உங்கள் முக்கியமான கேள்விக்குரிய விடையும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

1875-இல் ஜபல்பூரில், டெவன்ஷயர் படைப்பிரிவு அதிகாரிகளின் மெஸ்ஸில், நெவில் ஃபிரான்சிஸ் சேம்பர்லேன் என்ற பத்தொன்பது வயது அதிகாரி, அன்று வழக்கத்திலிருந்த ‘பிளாக் பூல்’ என்னும் மேசைப் பந்தாட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கினார். எளிதாகப் போட்டிருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் ‘ஸ்னூக்கர்’ என்று அழைத்தார். வூலிச் ராணுவக் கழகத்தில் முதலாண்டு மாணவர்களைக் குறிக்க வழங்கிய சொல் அது. அந்தப் பெயர் ஆட்டத்துக்கே நிலைத்துவிட்டது. பின்னர், 1881-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற ஃபிரெடரிக் ராபர்ட்ஸின் கீழ் சேம்பர்லேன் பணியாற்றினார். கோடையானால் படைத் தலைமை மலையேறி உதகைக்கு வந்துவிடும். அப்படி வந்திருந்த காலத்தில், 1882-இல், ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டு உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. ஆகவே ஆட்டம் பிறந்ததும் பெயர் பெற்றதும் ஜபல்பூரில்; விதி பெற்றது உதகையில். விதி இல்லாத ஆட்டம் ஒரு மெஸ்ஸோடு நின்றுபோயிருக்கும் என்பதால், நம் ஊருக்கு உரிய பங்கைச் சரியாகச் சொன்னாலே போதும், மிகையாகச் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து.

பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறொருவர். அவர் பிறந்தது 1869-இல். ஜபல்பூரில் வண்ணப் பந்துகள் மேசைக்கு வந்தபோது அவர் ஆறு வயதுக் குழந்தை. இன்னொரு பொறியும் இருக்கிறது. நம் சேம்பர்லேனின் பெரியப்பாவோ சித்தப்பாவோ என்று சொல்லத்தக்க உறவினரான நெவில் பௌல்ஸ் சேம்பர்லேன் 1876 முதல் 1881 வரை, அதாவது ராபர்ட்ஸுக்குச் சற்று முன்பு, இதே சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். ஒரே பெயர், ஒரே படை, அடுத்தடுத்த ஆண்டுகள். பெயரை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் வழுக்கி விழுவது இத்தகைய இடங்களில்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஸ்னூக்கர் கதைக்கு முதுகெலும்பாக இருப்பது எது தெரியுமா? 1938-இல், எண்பத்திரண்டு வயதில், சேம்பர்லேன் ‘ஃபீல்டு’ என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதம். ஆட்டம் வூலிச்சிலேயே பிறந்தது என்று யாரோ எழுதியதைக் கண்டு, அப்படியல்ல, நடந்தது இதுதான் என்று அவர் மறுத்து எழுதினார். அவரோடு பணியாற்றிய முதியவர்கள் சிலர் அதை ஆமோதித்தார்கள். மறு ஆண்டு காம்ப்டன் மெக்கன்சி என்ற எழுத்தாளர் அதை ஏற்று ஒரு கட்டுரை எழுதினார். உலகம் இன்று நம்புவது அதைத்தான். ஜபல்பூருக்கும் அந்தக் கடிதத்துக்கும் இடையில் 63 ஆண்டுகள். உதகையில் ஒட்டப்பட்ட விதிகளுக்கும் கடிதத்துக்கும் இடையில் 56 ஆண்டுகள். உங்கள் தந்தையார் 1970களைப் பற்றி இன்று சொல்வது இவ்விரண்டையும்விடக் குறைந்த இடைவெளியில் சொல்லப்படும் சாட்சியம். அவர் சொல் வாய்ச்சொல் என்றால், அந்தக் கடிதமும் ஒரு முதியவரின் வாய்ச்சொல்தான். அவர் அதைத் தம் பெயரிட்டு, தேதியிட்டு, மறுக்க விரும்பியவர் மறுக்கும்படி ஊரறிய வைத்தார் என்பதே வேறுபாடு. உங்கள் தந்தையாரும் அவ்வாறே செய்யட்டும்.

உங்களிடம் உள்ள மூன்று பொருள்களையும் குறைவாக மதிக்க வேண்டாம். நோட்டீஸில் கிழமை இருப்பது பெரிய பேறு. மே 11 ஞாயிற்றுக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1969, 1975, 1980, 1986 ஆகியவை. 1970களுக்குள் 1975 ஒன்றுதான். நோட்டீஸில் முகவரியோடு ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த முறை 1972 ஆகஸ்ட் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், எண் இருந்தால் 1969 தானே விலகிவிடும். புகைப்படத்தை மெல்லத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரை இருக்கலாம். காகிதத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் இருக்கலாம். அது நம் உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் காகிதமாக இருந்தால், அத்தொழிற்சாலை 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது என்பது உங்களுக்கு ஒரு கீழெல்லையைத் தரும். நம் மலையின் ஆட்டம் நம் மலையிலேயே செய்த காகிதத்தில் பதிந்திருந்தால், அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

பதில்: குன்னூர் கணினிக்காரர்

நூலக வாசகர் ஐயா சொன்னதைத் தொடர்ந்து, இணையப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் ஊர்களைப் பற்றித் தேடும்போது கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் பெயர்தான். உதகமண்டலம், உதகை, ஊட்டி, ஒத்தைக்கல்மந்து என்று தமிழிலேயே நான்கு வடிவங்கள் உள்ளன. 1821-ஆம் ஆண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்றில் அது ‘வோட்டோகிமண்ட்’ என்று இருக்கிறது. கோத்தகிரியைக் கோட்டகிரி என்று எழுதியவர்களும் உண்டு. ஹட்டிகளின் பெயர்களோ ஒவ்வோர் எழுத்தரின் காதுக்கு ஏற்ப மாறும். ஆகவே ஒரே எழுத்தில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நீங்கள் எழுதும்போதும் உங்கள் ஊரின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஓரிடத்தில் இயல்பாகச் சொல்லிவிடுங்கள். நாளை வேறு எழுத்தில் தேடுகிறவர் உங்களிடம் வந்து சேருவார்.

இரண்டாவது, எழுத்துரு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பக்கங்களை இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையாகத் தெரியும். தமிழில் தேடினால் அவை அகப்படவே மாட்டா. நம் மாவட்டத்து ஆட்டங்களைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று இந்தக் கோலத்தில் எனக்குக் கிடைத்தது. எழுத்துரு மாற்றியில் இட்டபோது அருமையான தமிழ் வெளிவந்தது. அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் குப்பை என்று மூடிவிட வேண்டாம்.

மூன்றாவது, இடம். ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோதும், யாஹூ குழுமங்கள் 2020-இல் மூடப்பட்டபோதும், ஆண்டுக்கணக்காக எழுதியவை அவற்றோடு போயின. இலவசமாகக் கிடைக்கும் எந்த இடமும் நம்முடையதன்று. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் வெளியிட்ட அன்றே இணையப் பக்கங்களின் படிகளைக் காத்துவைக்கும் ‘வேபேக் மெஷின்’ சேமிப்பகத்தில் பதிந்துவையுங்கள். அதற்குச் சில நொடிகள் போதும். அத்துடன் ஒரு படியை அச்சிட்டு உங்கள் பள்ளி நூலகத்திலும் ஊர்ப் பெரியவர் வீட்டிலும் வையுங்கள். கேலியாக நினைக்க வேண்டாம், காகிதம் கடவுச்சொல் கேட்பதில்லை.

புகைப்படத்தைப் பற்றி ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி போன்ற உட்குறிப்புகளும் அதிலிருந்து நீங்கிவிடும். பழைய படத்தை ஸ்கேன் செய்து, கோப்பாக மட்டுமே அனுப்புங்கள், வாங்குங்கள். பெயர்களைப் படத்தின் மேலே எழுதிப் படமாகவே பரப்பாமல், படத்துக்குக் கீழே எழுத்தாக இடுங்கள். படத்துக்குள் சிக்கிய பெயரைத் தேடுபொறி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒருவருடைய பேரன் தன் தாத்தாவின் பெயரைத் தேடும்போது அது கிடைக்க வேண்டும் அல்லவா?

கடைசியாக, இணையத்தில் மூன்று பக்கங்கள் ஒன்றையே சொல்வதால் சாட்சிகள் மூவர் ஆகிவிட மாட்டார்கள். பிரதமர் கதை பரவுவது அப்படித்தான்: ஒருவர் பிழையாக எழுதினார், மற்றவர்கள் எடுத்து ஒட்டினார்கள். வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் காற்புள்ளிகூட மாறாமல் இருப்பதைக் காணலாம்.

பதில்: மந்துக்குப் பக்கத்து வீட்டார்

நூலக வாசகர் ஐயா சொன்ன ஸ்னூக்கர் ஒப்புமையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சேம்பர்லேனின் நினைவை உலகம் நம்பியதற்கு, அவர் கையெழுத்திட்டு வெளியிட்டார் என்பது மட்டும் காரணமன்று. அவர் சர் பட்டம் பெற்றவர், ஆமோதித்தவர்கள் தளபதிகள். கோத்தகிரிப் பக்கத்து முதியவர் ஒருவர் சொன்னால், ‘சான்று எங்கே’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அது நியாயமில்லை என்றாலும் அப்படித்தான் நடக்கும். எனவே ஆசிரியை அவர்கள் ஒரே ஒருவரின் நினைவோடு நிறுத்தக் கூடாது. அதே ஆட்டத்தைப் பற்றி, தோற்ற ஊரின் பெரியவரிடமும் கேட்க வேண்டும். இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் குரல் ஓங்கியவர் சொன்னதே நிலைக்கும்; தனித்தனியே கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அருகில் தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, இருக்கிறது. முத்தநாடு மந்தில் நடக்கும் பண்டிகையின்போது இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குவதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் போடுகின்றன. ஒரு செய்தியில் கல்லின் எடை ஓர் அளவாக இருக்கும், இன்னொன்றில் வேறோர் அளவாக இருக்கும். பண்டிகையின் பெயரையே இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கல்லும் தூக்கும் வழக்கமும் புதியவை அல்ல. 1901, 1902 ஆண்டுகளில் இங்கே தங்கி ஆராய்ந்து, 1906-இல் தோடர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், மந்துகளில் இருந்த தூக்கு கற்களையும், நம் கிட்டிப்புள்ளைப் போன்ற ஓர் ஆட்டத்தையும், கற்பலகைக்கு அடியிலுள்ள குறுகிய இடைவெளியில் உடலை நுழைத்து வெளிவரும் ஓர் ஆட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறார். அவர் எழுதியிராவிட்டால், இன்று அந்தக் கல்லைப் பார்க்கும் சுற்றுலாப் பயணி அது நேற்று வைத்த கல் என்று எண்ணிச் சென்றுவிடுவார். ஆயினும் ரிவர்ஸின் நூலிலும் கல்லைத் தூக்கியவரின் பெயரைத் தேடி நாம் போவதில்லை. வழக்கத்தை அறியவே போகிறோம். உங்களால் பெயரோடு எழுத முடியும், ஆசிரியை. அதுதான் உங்கள் எழுத்தின் வலிமை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. 2024-இல் உதகைக் குதிரைப் பந்தய மைதானத்தின் நிலத்தை அரசு மீட்டுக்கொண்டது. அது சரியா தவறா என்பதை இங்கே நான் பேசவில்லை. அந்த ஓட்டங்களில் வென்ற குதிரைகளின் பெயர்கள் அச்சில் இருக்கின்றன. விடியற்காலைப் பனியில் அந்தக் குதிரைகளை நடத்திச் சென்ற லாயத்துக்காரர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யாரேனும் அவர்களிடம் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.

கோத்தகிரி ஆசிரியை

பதிலளித்த மூவருக்கும் என் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வேலையில்தான் இருந்தேன்.

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் முகவரி இருக்கிறது. அதில் ஆறு இலக்க எண்ணும் இருக்கிறது. எனவே ஆண்டு 1975 என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1974-தான் என்று உறுதியாகச் சொன்னார். நாட்காட்டியைக் காட்டினேன், 1974-இல் மே 11 சனிக்கிழமை. சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், ‘இறுதியாட்டம் முடிந்து அடுத்த மாதமே எமர்ஜென்சி வந்தது, கேடயத்தை ஊர்வலமாக மற்ற ஹட்டிகளுக்கு எடுத்துப் போவது என்று வைத்திருந்தோம், பெரியவர்கள் இப்போது கூட்டம் கூட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்’ என்றார். ஊர்வலம் நின்றுபோன கதை எனக்கு அதுவரை தெரியாது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 1975 ஜூன் 25-ஆம் நாள். ஆண்டு இதனால் உறுதிப்பட்டது என்றே கொள்கிறேன்.

பிறகு, பக்கத்து வீட்டார் சொன்னபடி, தோற்ற ஊரின் பெரியவர் ஒருவரைத் தனியே போய்ப் பார்த்தேன். இறுதியாட்டத்தில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றோம் என்பது எங்கள் வீட்டுக் கதை. அவர் சொன்னது வேறு: ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது பனிமூட்டம் இறங்கியது, ஒரு மணி நேரம் காத்திருந்தும் விலகவில்லை, இருட்டத் தொடங்கியதால் காசு சுண்டிப் பார்த்துக் கேடயத்தைக் கொடுத்தார்கள். அதை அவர் மனக்கசப்போடு சொல்லவில்லை; தேநீர் கொடுத்துவிட்டு, அப்பாவின் வலது முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். எதை எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். நூலக வாசகர் ஐயா சொல்ல வேண்டும்.

உதகை நூலக வாசகர்

இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார், அன்று அவர் அணியில் என்ன பொறுப்பில் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையன்று. இரண்டாவது கோல் விழுந்தது உண்மையானால் அதைப் போட்டவர் ஒருவர் இருந்திருப்பார். அவருடைய பெயரை உங்கள் தந்தையார் சொல்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சொந்தக் குரலில் சொன்னதை ஒலிப்பதிவு செய்து, பதிவு செய்த தேதியையும் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள். பின்னர் ஏதேனும் திருத்த நேர்ந்தால் பழைய வரியை அழித்துவிடாமல், இன்ன நாளில் இன்ன காரணத்தால் திருத்தப்பட்டது என்று கீழே குறிப்பிடுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை

கேட்டேன், ஐயா. அப்பா பெயரைச் சொல்லவில்லை. இரண்டாவது கோலைத் தாம் பார்க்கவில்லை என்றும், மைதானத்தின் மறுகோடியில் பனிக்குள் நின்றிருந்ததாகவும், ஆரவாரம் கேட்டே கோல் என்று அறிந்ததாகவும் சொன்னார். அந்த ஆரவாரம் காசு சுண்டியதற்காகவும் இருந்திருக்கலாமே என்றேன். இருக்கலாம் என்றார். அதையும் அவர் சொன்னபடியே எழுதி, அவரிடம் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எதிரணிப் பெரியவரும் தம் கூற்றில் கையெழுத்திட்டுவிட்டார்.

புகைப்படத்தையும் அவரிடம் எடுத்துச் சென்றிருந்தேன். பெயர் தெரியாமலிருந்த ஐவரில் இருவரை அவர் பார்த்த உடனே அடையாளம் சொன்னார். ஓரத்தில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்து நிற்கும் அந்த இரண்டு சிறுவர்களும் ஆட்டக்காரர்கள் அல்லர். ஓடையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தவர்கள். அவர்களில் ஒருவர் அவருடைய தம்பி. படத்தின் கீழே பதினொரு பெயர்களை இட்டுவிட்டேன். மீதமுள்ள மூன்று இடங்களை வெறுமையாக விட்டு, தெரிந்தவர்கள் எழுதியனுப்புமாறு கேட்டிருக்கிறேன்.